பழைய மசில் காருக்கு எந்த கார்புரேட்டர்? குவாட்ராஜெட்டைக் கழற்றி எறியும் முன் ஒரு நிமிடம்

"350 இன்ஜின் போட்ட 1970 செவெல் வைத்திருக்கிறேன், சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது, கராஜைத் திறந்தாலே பெட்ரோல் வாடை வயிற்றைப் புரட்டுகிறது, குவாட்ராஜெட்டைத் தூக்கிவிட்டு ஹாலி போடவா, எடல்ப்ராக் போடவா?" குவாட்ராஜெட் என்பது இந்த வண்டிகளில் கம்பெனியிலிருந்தே வந்த நான்கு துளை கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்), ஹாலியும் எடல்ப்ராக்கும் கடையில் வாங்கி மாட்டும் வேறு பிராண்டுகள். வண்டியின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கமாரோ, நோவா, ஜி.டி.ஓ., கட்லஸ் என்று எதுவானாலும் கேட்பவருடைய தவிப்பு ஒன்றுதான்: பழையதைப் பிரித்துச் சரிசெய்ய பயம், புதியது வாங்கினால் காசு வீணாகிவிடுமோ என்று இன்னொரு பயம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் கிட்டத்தட்ட கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்து, உங்களிடம் இருப்பது அந்த வண்டிக்கே உரிய குவாட்ராஜெட் என்றால், அதைத்தான் நீங்கள் கட்ட வேண்டும், அதாவது பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பச் சேர்க்க வேண்டும். மற்றவை எல்லாம் நல்ல கார்புரேட்டர்கள்தான், ஆனால் அவை வேறு ஆட்களுக்கு, வேறு இன்ஜின்களுக்கு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கையில் ஒரு உதாரணம் இருக்கட்டும் என்பதற்காக 350 கன அங்குல ஷெவ்ரோலே வி8, டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், வார இறுதியில் ஓட்டும் செவெல் என்று வைத்துக்கொள்கிறேன்.

## குற்றவாளி கார்புரேட்டர்தானா?

கார்புரேட்டர் மேல் போடப்படும் பழியில் பெரும் பங்கு இக்னிஷனுடையது. காண்டாக்ட் பாயின்ட் தேய்ந்து ட்வெல் (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) 30 டிகிரியிலிருந்து நழுவியிருக்கும், டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்னுக்குப் போயிருக்கும், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் டயஃப்ரம் கிழிந்திருக்கும். இவை எல்லாமே பிக்கப் இல்லாமை, ஐடில் (பெடலை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிற்காமை என்று கார்புரேட்டர் கோளாறு போலவே வந்து நிற்கும். அதனால் முதலில் ஒரு டைமிங் லைட்டும் வேக்குவம் கேஜும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, கம்பெனியில் போட்டதே) உள்ள ஆரோக்கியமான இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரசம்) வரை முள்ளை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். குறைவாக நின்றால் மேனிஃபோல்ட் (கார்புரேட்டர் உட்காரும், கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், கார்புரேட்டருக்கு அடியிலிருக்கும் கேஸ்கெட் எல்லாவற்றையும் ஏர் லீக்குக்குத் தேடுங்கள். இதை முடிக்காமல் 500 டாலருக்குப் புது கார்புரேட்டர் வாங்கி மாட்டினால் அதே கோளாறு புதுப் பளபளப்போடு தொடரும்.

இன்னொன்று. வண்டி நான்கைந்து நாள் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது என்பது பெரும்பாலும் நோயே இல்லை. இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்துப் பெட்ரோலைவிட வேகமாக ஆவியாகிறது. ஃப்ளோட் பவுல் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) காய்ந்துபோகும், மெக்கானிக்கல் பம்ப் அதை மறுபடி நிரப்பும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றத்தான் வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

எல்லோரும் குதிரைத்திறனில் ஆரம்பிக்கிறார்கள். நான் மேனிஃபோல்டில் ஆரம்பிக்கச் சொல்வேன். குவாட்ராஜெட் ஸ்ப்ரெட்போர் வகை: காற்று நுழையும் முன்னிரண்டு துளைகள் சிறியவை (1⅜ அங்குலம்), பின்னிரண்டு பெரியவை (2¼ அங்குலம்). ஹாலி 4160, எடல்ப்ராக் பர்ஃபார்மர் எல்லாம் ஸ்கொயர்போர், நான்கு துளையும் ஏறக்குறைய ஒரே அளவு. கம்பெனி மேனிஃபோல்ட் மேல் ஸ்கொயர்போரை அப்படியே உட்கார வைக்க முடியாது, அடாப்டர் பிளேட் வேண்டும், அது இல்லாமல் மாட்டினால் ஓரத்தில் ஏர் லீக் நிச்சயம். அடாப்டர் போட்டால் கார்புரேட்டர் உயரும், உயர்ந்தால் ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேனிஃபோல்டை ஏற்கெனவே யாரோ மாற்றிவிட்டார்கள் என்றால் கதையே வேறு, அப்போது அதன் துளை அமைப்பே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

அடுத்தது சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று. கணக்கு எளிது. இன்ஜினின் கன அங்குலத்தை நீங்கள் தொடும் உச்ச ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3456ஆல் வகுக்க வேண்டும். 350 இன்ஜின், 5500 ஆர்.பி.எம். என்றால் 557 வரும். சாலை வண்டி இன்ஜின் முழு அளவு காற்றை இழுப்பதில்லை, 85 சதவீதம் என்று வைத்தால் 473. ஆக 600 சி.எஃப்.எம். கார்புரேட்டரே தாராளம். 454 இன்ஜினுக்கும் இதே கணக்கில் 614தான் வருகிறது. "750 போட்டால் பவர் கூடும்" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அளவுக்கு மீறிய கார்புரேட்டரில் காற்றின் வேகம் குறைந்து, கீழ் ஆர்.பி.எம்.மில் பெட்ரோல் சரியாகக் கலக்காமல் வண்டி திணறும்.

அப்படியானால் 750 சி.எஃப்.எம். குவாட்ராஜெட்டை கம்பெனிக்காரன் 350க்கு ஏன் போட்டான்? அதன் பின் துளைகளுக்கு மேல் ஒரு ஏர் வால்வ் மடல் இருக்கிறது. நீங்கள் பெடலை முழுக்க மிதித்தாலும் இன்ஜின் கேட்கும் அளவுக்குத்தான் அது திறக்கும். சாதாரண ஓட்டத்தில் அந்தச் சிறிய முன் துளைகள் மட்டும் வேலை செய்வதால் மைலேஜும் மிச்சம்.

மூன்றாவது, கியர்பாக்ஸ். டர்போ 350க்கு கிக்டவுன் கேபிள் (முழுக்க மிதித்ததும் கியரைக் குறைக்கச் சொல்வது) கார்புரேட்டர் லிவரிலிருந்து போகிறது. டர்போ 400 என்றால் மின் சுவிட்ச், கவலை குறைவு. யாராவது 700ஆர்4 ஓவர்டிரைவ் மாட்டியிருந்தால் மிகுந்த கவனம் தேவை. அதன் டி.வி. (த்ராட்டில் வால்வ்) கேபிள்தான் உள்ளே ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது, லிவரின் கோணம் தப்பினால் கிளட்ச் பிளேட்டுகள் எரிந்து கியர்பாக்ஸே போய்விடும். கார்புரேட்டர் மாற்றி கியர்பாக்ஸைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

கடைசியாக, வண்டியின் அசல் தன்மை உங்களுக்கு எவ்வளவு முக்கியம், நீங்களே ஸ்க்ரூடிரைவர் பிடிப்பீர்களா, அல்லது மாட்டிவிட்டு மறந்துவிட வேண்டுமா என்பது. இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதிக் குழப்பம் போய்விடும்.

## இருக்கும் குவாட்ராஜெட்டையே கட்டுவது

முதலில் எண்ணைப் பாருங்கள். 1968 முதல் இடது பக்கத்துச் செங்குத்துப் பரப்பில் 70 என்று தொடங்கும் 7 இலக்க எண் அடித்திருப்பார்கள். 7040 என்று ஆரம்பித்தால் 1970ஆம் வருடத்தது. கடைசி இலக்கம் பெரும்பாலும் இரட்டை என்றால் ஆட்டோமேட்டிக், ஒற்றை என்றால் மேனுவல். கிட் (மாற்ற வேண்டிய கேஸ்கெட், ரப்பர் பாகங்களின் தொகுப்பு) வாங்குவது, ஃப்ளோட் உயரம், ஏர் வால்வ் ஸ்பிரிங் எத்தனை சுற்று என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான். எண் தெரியாமல் பொதுவான கிட் வாங்காதீர்கள்.

வண்டியிலிருந்து இறக்கும்போதே பலர் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். பெட்ரோல் லைன் நட்டைக் கழற்றும்போது பின்னால் இருக்கும் பெரிய 1 அங்குல நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பவுலில் இருக்கும் மெல்லிய மரை கிழிந்துவிடும். திரும்ப மாட்டும்போது முன்பக்கத்து நீள போல்ட்டுகளைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கி இறுக்கித்தான் இத்தனை குவாட்ராஜெட்டுகளின் மேல் மூடி வளைந்து போயிருக்கிறது.

மூடியைத் திறக்க ஒன்பது ஸ்க்ரூ. அதில் இரண்டு முன் துளைகளுக்குள்ளே, வென்சுரியை (காற்று வழி குறுகும் இடம்) ஒட்டி, கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் நெம்பினால் மூடி உடையும். திறக்கும் முன் பின்பக்கத்து மீட்டரிங் ராடுகளை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கம்பிகள்) அவை தொங்கும் ஹேங்கரோடு தூக்கிவிட வேண்டும், சோக் ராடையும் பம்ப் லிவரையும் விடுவிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ராட் எந்த ஓட்டையில் என்பது மாட்டும்போது நினைவில் நிற்காது.

உள்ளே பார்க்க வேண்டியவை, முக்கியத்துவப்படி:

ஃப்ளோட். பழைய கறுப்பு ஃபோம் ஃப்ளோட் வருடக்கணக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். கனத்த ஃப்ளோட் மேலே எழாது, நீடில் (பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி) மூடாது, பெட்ரோல் வழியும். ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாகக் கலந்து) ஓடுவதற்கும் அந்த வாடைக்கும் முதல் காரணம் இதுதான். அதைச் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

பவுலின் அடியிலிருக்கும் வெல் பிளக்குகள். தொழிற்சாலையில் துளையிட்டு அடைத்த இடங்கள் அவை, காலப்போக்கில் கசியும். பவுலில் பெட்ரோலை ஊற்றி வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள், காகிதம் நனைந்தால் சுத்தம் செய்து பெட்ரோல் தாங்கும் எபாக்ஸி வைத்து அடைக்கலாம். மலிவான வேலை, பலன் பெரிது.

த்ராட்டில் ஷாஃப்ட், அதாவது பெடலை மிதித்தால் சுழலும் தண்டு. விரலால் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் அந்த இடைவெளி வழியே காற்று நுழைகிறது, எந்த ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பியும் ஐடில் நிற்காது. வெண்கல புஷ்ஷிங் போட வேண்டும், நேராகத் துளையிட ரீமர் வேண்டும். குவாட்ராஜெட் வேலையில் வீட்டில் செய்யத் தயங்க வேண்டியது இது ஒன்றுதான், நல்ல ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

பம்ப் கப், நீடில் முனை, டயஃப்ரம். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். எத்தனால் தாங்கும் ரப்பர் என்று கிட்டில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கட்டி முடித்த பிறகும் பெடலை மிதித்ததும் வண்டி ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது என்றால், கை வைக்க வேண்டிய இடம் ஏர் வால்வ். ஸ்பிரிங்கைத் தளர்த்தி, மடல் அப்போதுதான் மூடும் நிலைக்கு வந்ததும் அங்கிருந்து அரைச் சுற்றுக்கும் முக்கால் சுற்றுக்கும் நடுவில் இறுக்கினால் பெரும்பாலான ஷெவ்ரோலேக்களில் சரியாக இருக்கும். கூடவே சோக் புல்-ஆஃப் டயஃப்ரத்தையும் சோதியுங்கள். மடல் சட்டென்று திறந்துவிடாமல் மெதுவாகத் திறக்கச் செய்வது அதுதான், அது கிழிந்திருந்தால் ஸ்பிரிங்கை எத்தனை முறை திருப்பினாலும் தீராது. குவாட்ராஜெட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் இந்தச் சிறிய டயஃப்ரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

## கடையில் விற்கும் ரீபில்டு குவாட்ராஜெட்

உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். வேண்டாம். மொத்தமாகப் பிரித்துக் கழுவி மொத்தமாகச் சேர்த்தவை இவை, ஒரு எண்ணின் உடம்பில் இன்னொரு எண்ணின் ராடும் ஜெட்டும் (பெட்ரோல் செல்லும் அளவான துளை) இருப்பது சகஜம். அதைவிடப் பெரிய நஷ்டம், உங்கள் வண்டிக்கே உரிய எண் பொறித்த கார்புரேட்டரை நீங்கள் கை விட்டுவிடுகிறீர்கள், அது திரும்பி வராது. உங்களால் கட்ட முடியாது என்றால் உங்களுடையதையே கட்டித் திருப்பித் தரும் தனி வல்லுநரிடம் அனுப்புங்கள். காத்திருக்க வேண்டும், காசும் கூட, ஆனால் திரும்பி வருவது உங்கள் பொருள்.

## எடல்ப்ராக்

பழைய கார்ட்டர் கம்பெனியின் ஏ.எஃப்.பி. கார்புரேட்டர் வடிவமைப்பின் வாரிசு. 350க்கு 1406 மாடல், 600 சி.எஃப்.எம்., எலெக்ட்ரிக் சோக். புதிய ஏ.வி.எஸ்.2 வரிசையில் 1906, 650 சி.எஃப்.எம். இரண்டில் நான் 1906ஐத்தான் எடுப்பேன், பின் துளைகளின் ஏர் வால்வை அதில் வெளியிலிருந்தே சரிசெய்யலாம், மிதித்ததும் வரும் திணறலை அடக்குவது எளிது.

இதன் அழகு எளிமை. பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே கேஸ்கெட் கிடையாது, அதனால் கசிய இடமில்லை. மீட்டரிங் ராடை மாற்ற மேலே ஒரு சிறு மூடியைத் தளர்த்தினால் போதும், பெட்ரோல் ஒரு சொட்டு சிந்தாது. மாட்டிவிட்டு மறக்க நினைப்பவர்களுக்கு இதுதான்.

குறைகள் இரண்டு. பெட்ரோல் அழுத்தம் இதற்குப் பிடிக்காது, 6 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் நீடிலைத் தள்ளிக்கொண்டு வழியும். புதிதாக மாட்டிய பம்ப் சிலவற்றில் அதற்கு மேலேயே வரும், ரெகுலேட்டர் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது சூடு. கோடையில் நீண்ட ஓட்டம் ஓடி நிறுத்தினால் கார்புரேட்டரின் உடம்பு சூடேறி பவுலில் பெட்ரோல் கொதிக்கும், கொதித்து மேனிஃபோல்டுக்குள் இறங்கும், பதினைந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் முரண்டு பிடிக்கும். தடித்த வெப்பத்தடை கேஸ்கெட் போட்டால் பெருமளவு சரியாகும்.

## ஹாலி

1957இல் ஃபோர்டு தண்டர்பேர்டில் வந்த 4150 குடும்பம். மசில் கார் காலத்தின் வேகமான வண்டிகள் பலவற்றில் இருந்தது இதுதான், 1970 செவெலின் 450 குதிரைத்திறன் எல்.எஸ்.6 இன்ஜினிலேயே 780 சி.எஃப்.எம். ஹாலிதான் உட்கார்ந்திருந்தது. ஆகவே "செவெலுக்கு ஹாலி அந்நியம்" என்பது தவறு, உங்கள் செவெல் எது என்பதே கேள்வி.

350க்கு வேக்குவம் செகண்டரி (பின் துளைகள் இன்ஜினின் தேவைக்கேற்ப வேக்குவத்தால் திறப்பது) உள்ள 600 சி.எஃப்.எம். 4160 போதும். 1850 என்பது மேனுவல் சோக், 80457 எலெக்ட்ரிக் சோக். டபுள் பம்பர் (முன், பின் துளைகளுக்குத் தனித்தனி பம்ப் உள்ள ஹாலி) பக்கம் போகாதீர்கள், அது எடை குறைந்த, மேனுவல் கியர் போட்ட, பெரிய கேம் வைத்த வண்டிக்கு. ஆட்டோமேட்டிக் செவெலில் போட்டால் பெட்ரோல் குடிக்கும், சிக்னலில் விக்கும்.

டியூனிங்கில் ஹாலிக்கு ஈடில்லை. ஜெட், பவர் வால்வ், பம்ப் கேம், செகண்டரி ஸ்பிரிங் எல்லாம் தனித்தனியே கிடைக்கும், எந்த ஊரிலும் கிடைக்கும். மலை உயரத்தில் இருக்கும் டென்வர் போன்ற ஊரில் ஓட்டுபவர்கள் 2000 அடிக்கு ஒரு ஜெட் அளவு என்ற கணக்கில் குறைத்துக்கொள்ளலாம். பவர் வால்வைத் (சுமை கூடும்போது கூடுதல் பெட்ரோல் விடுவது) தேர்ந்தெடுக்க ஒரு எளிய வழி: கியரில் போட்டு ஐடிலில் வேக்குவம் பாருங்கள், அதில் பாதி. 13 அங்குலம் என்றால் 6.5 வால்வ்.

ஆனால் ஹாலியின் பவுலும் மீட்டரிங் பிளாக்கும் பக்கவாட்டில் கேஸ்கெட் வைத்து இறுக்கப்பட்டவை, பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே. வண்டி மாதக்கணக்கில் நின்றால் கேஸ்கெட் காய்ந்து சுருங்கும், அப்புறம் சூடான மேனிஃபோல்ட் மேல் சொட்டும். இதை அலட்சியம் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். குளிர்காலம் முழுக்க வண்டியை மூடி வைப்பவர் வசந்தத்தில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பவுல் ஓரங்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும்.

## த்ராட்டில் பாடி இ.எஃப்.ஐ.

கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் ஹாலி ஸ்னைப்பர், ஃபைடெக் போன்றவை. குளிரில் சாவி திருப்பியதும் பிடிக்கும், உயரம் மாறினால் தானே சரிசெய்துகொள்ளும். தினமும் ஓட்டுபவருக்கு நல்ல தேர்வு. ஆனால் 60 பி.எஸ்.ஐ.க்கு நெருக்கமான அழுத்தம் தரும் பம்ப், ரிட்டர்ன் லைன் அல்லது புது டேங்க், எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சாருக்குத் துளை எல்லாம் வேண்டும். 1970 செவெலின் சாதாரண 37 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இதற்குப் போதாது. பழைய வயரிங்கின் நோயெல்லாம் இதில் வெளியே வரும்.

## செலவு, தோராயமாக

| வழி | பொருளின் விலை (டாலர்) | சேர்ந்து வரும் செலவு |
|---|---|---|
| குவாட்ராஜெட், நீங்களே கட்டினால் | 50–100 | ஷாஃப்ட் புஷ்ஷிங், உங்கள் நேரம் |
| குவாட்ராஜெட், வல்லுநரிடம் | 350–600 | அனுப்பும் செலவு, வாரக்கணக்கில் காத்திருப்பு |
| எடல்ப்ராக் | 400–550 | அடாப்டர், கேபிள் பிராக்கெட், ரெகுலேட்டர் |
| ஹாலி 600 | 400–600 | அடாப்டர், கேபிள் பிராக்கெட், ஜெட், கேஸ்கெட் |
| இ.எஃப்.ஐ. | 1200–1600 | பம்ப், டேங்க், ஆல்டர்னேட்டர்: ஏறக்குறைய இன்னொரு மடங்கு |

## யாருக்கு எது

கம்பெனி மேனிஃபோல்ட், ஸ்டாக் கேம், சொந்த எண் உள்ள குவாட்ராஜெட்: கட்டுங்கள். விற்கும்போது வாங்குபவர் பானெட்டைத் திறந்ததும் பார்ப்பது அதைத்தான்.

கார்புரேட்டர் உடைந்தோ, தொலைந்தோ, ஷாஃப்ட் ஓட்டைகள் மோசமாகத் தேய்ந்தோ போய்விட்டது, மேனிஃபோல்ட் கம்பெனியுடையது: ஸ்ட்ரீட் டீமன் என்ற 625 சி.எஃப்.எம். கார்புரேட்டரையும் பாருங்கள், அது இரண்டு வகை மேனிஃபோல்டிலும் அடாப்டர் இல்லாமல் உட்காரும். மேனிஃபோல்ட் ஏற்கெனவே ஸ்கொயர்போர், வண்டி ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு: எடல்ப்ராக் 1906. கேம் மாற்றியாகிவிட்டது, டிராக் பக்கம் போவீர்கள், ஜெட் மாற்றுவதே சந்தோஷம்: ஹாலி, யோசிக்கவே வேண்டாம். வேலைக்கே அந்த வண்டியில்தான் போகிறீர்கள்: இ.எஃப்.ஐ.க்குக் காசு சேருங்கள், வயரிங்கை முதலில் சரிசெய்துவிட்டு.

எதை மாட்டினாலும் முதல் ஓட்டத்துக்கு முன் ஒருவரை உள்ளே உட்கார வைத்துப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா, விட்டதும் மாட்டிக்கொள்ளாமல் திரும்புகிறதா என்று நீங்கள் மேலிருந்து பாருங்கள், கிக்டவுன் கேபிளும் கடைசி வரை இழுபடுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு அடி போல்ட்டுகளை மெதுவாகக் குறுக்கு வரிசையில் இன்னொரு முறை இறுக்குங்கள். கழற்றிய பழையதைப் பெட்ரோல் வடித்து, சிறு பாகங்களோடு ஒரு பையில் போட்டு, எண்ணை எழுதிக் கட்டி அலமாரியில் வையுங்கள், யார் விலைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.